லீலாபாய் டீச்சரின் காரில் காய்ந்த தக்காளி

பொன்செல்விக்கு ஒரு விஷயம் பிடித்துப்போய்விட்டால் அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது என்று செல்வகணேஷ் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அவன் மலையாள நாட்டுத் தலைநகரில், தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். போன வருஷம் அவன் மனைவிக்குப் பிடித்திருந்தது நீச்சல் என்பதும், அதற்கு முந்தின வருஷம் கீபோர்டு வாசிப்பு என்பதும் ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டிரைவர்களுக்கும் தெரியும். இந்த மார்ச் மாதம் அவளுக்குப் பிடித்தது தக்காளி.

ஆரம்பித்துவைத்தது அவள் சிநேகிதி ஜெஸ்லின். மார்த்தாண்டத்துக்காரி. பெரிய பேக்கரி ஒன்றில் பல வருஷம் மாவு பிசைந்து அலுத்துப்போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை எடுத்திருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு திறப்பு. சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் ஹார்டுவேர் கடையொன்றில் பில் போடுகிற பொன்செல்வி வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போய் அலமாரி துடைத்துக் கொடுப்பாள். அப்படி ஒரு சாயங்காலம் ஜெஸ்லின் ஒரு கண்ணாடிக் குப்பியைத் திறந்து, எண்ணெய் சொட்டுகிற கருஞ்சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"முழுங்கப்பிடாது. சவைச்சுப் பாரு, கேட்டியா."

பொன்செல்வி மென்றாள். முதலில் உப்பு. அதன் பின்னால் ஒரு புளிப்பு. அது அடங்குவதற்குள் எங்கிருந்தோ ஒரு இனிப்பு எழுந்து நாக்கின் இரண்டு பக்கமும் ஓடியது. தினமும் ரசத்துக்குக் கரைத்துவிடுகிற தக்காளிக்குள்ளா இவ்வளவு இருந்தது? அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"என்னட்டி இது?"

"சன் ட்ரைட் டொமேட்டோ. வெயில்ல ஒணக்குன தக்காளி. சித்தி மக இத்தாலியில நர்ஸா இருக்கால்லா, அவ கொண்டு வந்தது. இத நறுக்கிப் போட்டு, நடுவுல சீஸ் வச்சு ஒரு பன் செஞ்சேன் பாரு செல்வி, எனக்கே கண்ணு நெறஞ்சு போச்சு. கட திறக்கிற அன்னைக்கு அதாக்கும் ஸ்பெஷல்னு ஆசப்பட்டேன். என்ன செய்ய? செஞ்சு செஞ்சு பாத்து குப்பி தீந்து போச்சு. இங்க வாங்குனா யானை வெலை."

"நான் செஞ்சு தாரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பொன்செல்விக்கே தெரிந்தது. ஜெஸ்லின் சிரித்தாள். "நெனக்கு அறியுமா அது எப்படின்னு?"

"தக்காளி இருக்கு, வெயில் இருக்கு. வேற என்ன வேணும்?"

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் மனம் துள்ளிக்கொண்டே வந்தது. அன்று ராத்திரி போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். எங்கெங்கோ வறண்ட நாடுகளில் பெண்கள் வயல் நீளத்துக்குத் தக்காளியைப் பரப்பியிருந்தார்கள். செல்வகணேஷ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "தக்காளியிலயாவது கரைக்கு வந்துருவ. நீச்சலுக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்" என்றான்.

மறுநாள் சாலைக் கடைத்தெருவில் மொத்தக் கடைக்குப் போய்ச் சாறு நிறைந்த நாட்டுத் தக்காளியைத் தள்ளிவிட்டு, நீள வாக்கில் சதைப்பிடிப்பாக இருக்கிற பெங்களூர்த் தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கினாள். இரண்டாக வகிர்ந்து, விதையையும் கொழகொழப்பையும் ஸ்பூனால் வழித்தெடுத்து, உப்புத் தூவி, வெட்டின பக்கம் வானத்தைப் பார்க்கும்படி தட்டுகளில் அடுக்கி மொட்டைமாடியில் வைத்தாள். மேலே பழைய கொசுவலை. முதல் நாள் வெயில் நன்றாகவே அடித்தது. ஓரம் சுருங்கியது. அவள் கைதட்டினாள். இரண்டாம் நாள் கடல் பக்கமிருந்து மூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. மழை பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. காற்றே ஈரத்துணி மாதிரி இருந்தது. அதற்கு மறுநாள் காலையில் வலையைத் தூக்கினால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் பூனைமுடி போல வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

அத்தனையையும் தென்னைமூட்டில் கொட்டிவிட்டு அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் குடியிருந்தது மணக்காட்டில், லீலாபாய் டீச்சர் வீட்டு மாடியில். டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நெய்யாற்றின்கரைப் பக்கம். தனி ஆள். இப்போதும் காலையில் முற்றத்தை நாலு சுற்று ஓடிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாய் டிரைவிங் படித்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு சின்ன வெள்ளைக் காரும் வாங்கினார். கொஞ்ச நாள் ஓட்டினார். ஒரு நாள் கேட்டுத் தூணில் உரசியது. கீறல்தான். ஆனால் அந்தச் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. அன்றோடு சாவியை ஆணியில் மாட்டியவர், தங்கை மகன் ஆதர்ஷிடம் கேட்டுக்கும் காருக்குமாய் இன்னொரு சாவிக்கொத்தைக் கொடுத்து, வந்து இடையிடையே ஸ்டார்ட் செய்துவைக்கச் சொல்லிவிட்டார். கார் முற்றத்தின் நடுவில், நிழலே இல்லாத இடத்தில், வெறுமனே நின்றது.

"மக்களே, சும்மாதானே இருக்கே? காருக்குள்ள எனக்கக் குடை கிடக்கும், எடுத்துட்டு வா" என்றார் டீச்சர், சாவியைப் போட்டு.

பொன்செல்வி போய்க் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு வெக்கை வந்து முகத்தில் அறைந்தது. இத்தனைக்கும் வெயில் அரைகுறைதான். குடையின் கைப்பிடி தொட முடியாமல் சுட்டது. பின்சீட்டில் கிடந்த செய்தித்தாள் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். மெதுவாகக் கையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். வெளியே பிசுபிசுப்பு, உள்ளே அடுப்பு.

"டீச்சர்!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

லீலாபாய் டீச்சர் ஓடிவந்தார். "எந்தா? பாம்பா?"

"டீச்சர், உங்க காருக்குள்ள தக்காளி காயப்போடட்டுமா?"

டீச்சர் அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். இவ்வளவு நாளாய் அந்தக் காரைப் பார்க்கிறபோதெல்லாம் முகம் சுருங்குகிறவர், மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கொள்ளாமே! அந்த சவத்தினால ஒரு பிரயோஜனம் உண்டாகட்டு. தட்டு என்கிட்ட இருக்கு, வா."

அதற்கப்புறம் வேலை பறந்தது. பின்சீட்டை மடக்கிச் சாய்த்தார்கள். டீச்சர் வீட்டு ஜன்னல்களின் பழைய கொசுவலைச் சட்டங்களையே தட்டுகளாகக் கழற்றித் தேய்த்துக் கழுவி, வெளுத்த துணி விரித்து, புதிதாக வாங்கி வந்து வகிர்ந்த தக்காளிகளை வரிசை வரிசையாய் அடுக்கினார்கள். பின்பக்கம் முழுவதும் சிவப்பாகிவிட்டது. மதியத்துக்குள் கண்ணாடியெல்லாம் உள்ளே வியர்த்து வழிந்தது. ஈரம் வெளியே போக வழியில்லை என்று பொன்செல்விக்கு உறைத்தது. நாலு ஜன்னலையும் ஒரு விரல் அகலம் இறக்கி, அந்த இடுக்கில் வலைத்துணியைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு மணம் முற்றத்துக்கு வந்தது. புளிப்பும் இனிப்பும் கலந்த, கொஞ்சம் வெல்லப்பாகு போன்ற மணம்.

டீச்சருக்கு அவளைவிட ஆர்வம் கூடிவிட்டது. பொன்செல்வி கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது போனில் படம் படமாக வரும். "ஓரம் கறுக்குது. நல்லதா கெட்டதா?" "இப்ப திருப்பிப் போட்டாச்சு." "ஒண்ணு தின்னு பாத்தேன். மன்னிச்சுக்கோ. ரெண்டு." வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் காரின் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு துண்டு துண்டாக வளைத்துப் பார்த்தார்கள். ஒடியவில்லை, சாறும் வரவில்லை, தோல் போல வளைந்தது. நடுவில் தடித்த சிலவற்றில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது.

"நாளைக்கு ஒரு வெயில் போதும் டீச்சர்! சாயங்காலம் வினிகர்ல முக்கி, எண்ணெயில போட்டு, ஜெஸ்லின் கையில கொடுத்துரலாம். ஞாயித்துக்கிழமை பன்னு!"

சனிக்கிழமை காலை கடையில் கூட்டம். ஆணியும் தாழ்ப்பாளுமாய்ப் பில் போட்டுக்கொண்டிருந்த பொன்செல்வியின் போன் அடித்தது. டீச்சர்.

"மக்களே..." என்று இழுத்தார். "வண்டியக் காணல்ல."

"எந்த வண்டிய?"

"நம்ம வண்டிய! சந்தைக்குப் போயிட்டு வந்து பாக்கேன், முற்றம் காலியாக் கிடக்கு. தக்காளியோட போச்சு!"

பொன்செல்வி பில் புத்தகத்தை மூடினாள். திருட்டா? கேட் பூட்டு உடைந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அப்படியானால் சாவி வைத்திருக்கிற ஆள்தான். ஆதர்ஷ்! அவனைக் கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்குள் டீச்சருக்கு ஒன்று தோன்றி, வாட்ஸப்பில் அவன் ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தார். பாறையும் ஓடுகிற தண்ணீரும். ஓரத்தில் வெள்ளைக் காரின் மூக்கு. கீழே 'கல்லாறு வைப்ஸ்' என்று எழுதி ஒரு இதயம்.

"கல்லாறா? பொன்முடி அடிவாரத்துலயா?" பொன்செல்வி முதலாளியிடம் ஓடினாள். "அண்ணாச்சி, நான் போகணும். தக்காளி போயிருச்சு" என்றாள். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாம்மா" என்றார்.

அவள் கூப்பிட்ட வேகத்தில் செல்வகணேஷ் ஆட்டோவோடு கடை வாசலில் வந்து நின்றபோது டீச்சர் புடவையை இழுத்துச் செருகி, காலில் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவோடு பின்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, அவன் சாயங்காலம் தானா வந்துருவாம்லா? தக்காளி எங்கயும் ஓடிராது" என்றான் செல்வகணேஷ்.

"அவன் ஜன்னலத் திறந்து போட்டுட்டு ஆத்துல கிடந்தான்னா? மலையில மதியத்துக்கு மேல மழை பெய்யுமே! ஈரம் பட்டா ஒரு ராத்திரியில பூத்துரும். இல்ல, இது என்ன குப்பைன்னு தட்டோட ஆத்துல கவுத்துட்டான்னா? விடுங்க வண்டிய!"

விட்டான். பாளையம் தாண்டி, பேரூர்க்கடை தாண்டி, நெடுமங்காட்டு நெரிசலில் நெளிந்து நெளிந்து ஆட்டோ பாய்ந்தது. டீச்சர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆதர்ஷைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். விதுர வந்ததும் எதிர்க்காற்று குளிர ஆரம்பித்தது. ரப்பர் மரங்களுக்கு மேலே, பொன்முடி இருக்க வேண்டிய இடத்தில், மலையே தெரியவில்லை. கறுப்பாய் ஒரு மேகம் மட்டும் நின்றது.

"பாத்தீங்களா!" என்றாள் பொன்செல்வி. செல்வகணேஷ் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். அவனுக்கும் இப்போது அந்த வேகம் தொற்றியிருந்தது.

கல்லாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டீக்கடையை ஒட்டி, கார் நின்றது. முதலில் தெரிந்தது காரல்ல, குரங்குகள். பானெட்டில் ஒன்று, கூரையில் இரண்டு, பின்கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு. உள்ளே இருக்கிற சிவப்பைப் பார்த்து அது உள்ளங்கையால் கண்ணாடியைப் படார் படாரென்று தட்டிக்கொண்டிருந்தது. பொன்செல்வி ஆட்டோ நிற்பதற்குள் குதித்துத் துப்பட்டாவைச் சுழற்றிக்கொண்டு ஓடினாள். டீச்சர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். அந்த விசிலுக்குக் குரங்குகள் மட்டுமல்ல, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

ஜன்னல்கள் நாலும் முழுக்க ஏற்றியிருந்தன. பொன்செல்வி கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள். தட்டுகள் இருந்தன. துணி மூடியிருந்தது. ஒரு தட்டில் மட்டும் ஓரமாய்க் கொஞ்சம் காலி.

"ஆதர்ஷே!" டீச்சரின் குரல் ஆற்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"பெரியம்மா... இஞ்ச... இஞ்ச இருக்கேன்" என்று கீழே பாறைப் பக்கமிருந்து ஈனஸ்வரத்தில் பதில் வந்தது. ஆதர்ஷ் ஒரு பாறையில் உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தான். கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண், தன் ஷாலை நனைத்து அதில் சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு டிஷ்யூ காகிதம். அதில் நாலைந்து தக்காளித் துண்டுகள்.

டீச்சர் காலைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"இது ஷிஜா" என்றான் ஆதர்ஷ், தலையைக் குனிந்துகொண்டு. "ஆபீஸ்ல... கூட வேல செய்யுது. பெரியம்மா, அம்மைக்குத் தெரியாது. போட்டோ எடுக்கப் பாறையில ஏறினேன், வழுக்கிட்டு. வண்டிய யாரு எடுக்கதுன்னு தெரியாம ரெண்டு பேரும் இரிக்குதோம். இஞ்ச ரேஞ்சும் இல்ல."

"ஸ்டேட்டஸ் போட மட்டும் ரேஞ்ச் இருந்துதோ?" என்றார் டீச்சர்.

ஷிஜா பயத்தில் எழுந்து நின்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல், கையிலிருந்த காகிதத்தைப் பொன்செல்வியின் பக்கம் நீட்டி, "சேச்சி, இது நிங்களுதாணோ? சாரி. பின்னால நல்ல வாசன வந்துது. ஒண்ணுதான் எடுத்தோம். பின்ன... நிறுத்தான் பற்றியில்ல. எந்தொரு டேஸ்டாணு!" என்றாள்.

பொன்செல்விக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண், என்னவென்றே தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டு, நிறுத்த முடியவில்லை என்கிறாள்! அவள் ஷிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உப்பு சரியா இருந்துச்சா? நடுவுல பச்ச வாடை இருந்துச்சா? உள்ள தள்ளினப்புறம் இனிப்பு வந்துச்சா?"

"வந்நு சேச்சி, வந்நு!"

அந்த நேரத்தில் முதல் துளி விழுந்தது. பெரிய துளி. பாறையில் பட்டுத் தெறித்தது.

நாலு பேருமாய் ஆதர்ஷைத் தாங்கி மேலே கொண்டுவந்தார்கள். செல்வகணேஷ் நிலைமையைக் கணக்குப் போட்டான். ஆதர்ஷால் பிரேக்கை மிதிக்க முடியாது. ஷிஜாவுக்கும் பொன்செல்விக்கும் ஓட்டத் தெரியாது. தன்னிடம் இருப்பது ஆட்டோ லைசென்ஸ்தான். தட்டுகளை ஆட்டோவில் ஏற்றினால் இரண்டு பக்கமும் சாரல். வீடு போவதற்குள் தக்காளி மறுபடி பழமாகிவிடும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் லீலாபாய் டீச்சரைப் பார்த்தார்கள்.

"என்ன எதுக்குப் பாக்குதிய?" என்றார் டீச்சர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் வெளுத்தது. "நான் மாட்டேன். மழை வேற. வளைவு வேற. அந்தத் தூணிலே இடிச்ச சத்தம்... இல்ல மக்களே, என்னால பற்றாது."

பொன்செல்வி அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். மழை வலுக்க ஆரம்பித்திருந்தது. "டீச்சர், போன வருஷம் நான் நீச்சல் கத்துக்கப் போனேன்லா? ஆழத்துப் பக்கம் போகவே மாட்டேன்னு அழுதேன். படிக்கட்டுலயே நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் அத நெனச்சா எனக்கு ஆத்திரமா வருது. அன்னைக்கு என்கூட யாராவது ஒரு ஆள் இறங்கியிருந்தா நானும் இறங்கியிருப்பேன். இப்ப நான் உங்க பக்கத்துல உட்காருதேன். முன்னால அவங்க ஆட்டோவுல போவாங்க. அவங்க பின்னாடி விளக்க மட்டும் பாத்துக்கிட்டு வாங்க. இடிச்சா இடிக்கட்டும், உங்க கார்தானே?"

டீச்சர் காரைப் பார்த்தார். கண்ணாடி வழியாக உள்ளே வரிசை வரிசையாய்ச் சிவப்பு. இத்தனை நாள் திருப்பித் திருப்பிப் போட்டுக் காவல் காத்தது.

"எனக்க கார்தான்" என்றார். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார்.

முதல் முறை வண்டி முக்கி நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. டீக்கடைக்காரர் குடையோடு வந்து வேடிக்கை பார்த்தார். மூன்றாம் முறை டீச்சர் உரக்க, "ரெடி! ஸ்டெடி!" என்று தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொண்டு கிளட்சை விட்டார். கார் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. பின்னால் தட்டுகளுக்கு நடுவே, மடக்கின சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த ஷிஜா கைதட்டினாள். ஆதர்ஷ் ஆட்டோவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு முன்னால் போனான்.

கண்ணாடி சட்டென்று புகைமூட்டமாய் மங்கியது. "ஏசி போடுங்க டீச்சர், ஏசி!" என்றாள் பொன்செல்வி. ஏசி சீறியது, கண்ணாடி தெளிந்தது, உள்ளே காற்று வறண்டு சில்லென்று ஆனது. பொன்செல்வி திரும்பித் தட்டிலிருந்து ஒரு தடித்த துண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். மனசுக்குள் ஏதோ பளிச்சென்றது. மழைநாளில் துவைத்த துணியைக்கூட ஏசி அறையில் போட்டால் காய்ந்துவிடுமே! "ஷிஜா, துணிய எடுத்துடு! எல்லாத்தயும் விரிச்சுப் போடு, காத்து படட்டும்!"

வெளியே மழை கொட்டியது. வைப்பர் இப்படியும் அப்படியும் அடித்தது. முன்னால் ஆட்டோவின் சிவப்பு விளக்கு வளைந்தால் டீச்சர் வளைத்தார், நின்றால் நின்றார். எதிரே ஒரு பஸ் வளைவில் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு வந்தபோது மூன்று பெண்களும் ஒரே குரலில் "அய்யோ" என்றார்கள். டீச்சர் ஓரத்துக்கு ஒடித்தார். பஸ் உரசாமல் போனது. அதற்கப்புறம் அவர் தோள் இறங்கியது. விதுர தாண்டியதும் ஹாரன் அடித்தார். நெடுமங்காட்டில் ஒரு லாரியை முந்தினார். "கண்டோ! கண்டோ மக்களே!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். முன்னால் போன செல்வகணேஷ், தன் ஆட்டோவையும் தாண்டிக்கொண்டு அந்த வெள்ளைக் கார் போவதைக் கண்டு வாயைப் பிளந்தான்.

நகரத்தில் மழையே இல்லை. ஆதர்ஷுக்கு எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஷிஜாவை அவள் ஹாஸ்டலில் இறக்கும்போது டீச்சர், "அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. இவனுக்க அம்மையும் வருவா. நான் பேசிக்கொள்ளாம்" என்றார். ஷிஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டில் தட்டுகளை இறக்கி, தடித்த துண்டுகளைப் பொன்செல்வி ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூட ஈரம் இல்லை. வினிகரில் முக்கி, துடைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, இரண்டு குப்பிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெஸ்லினின் கடைக்கு ஓடினாள். ஜெஸ்லின் ஒரு துண்டை எடுத்து மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பொன்செல்வி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லேம்ட்டி!"

"இத்தாலித் தக்காளிக்கு இதவிட உப்பு கூடுதல்" என்றாள் ஜெஸ்லின். அப்புறம் மாவு ஒட்டிய கையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த ஒண்டுக் கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்தபோது சந்து முழுவதும் மணத்தது. மேலே பொன்னிறம், வெடித்த இடத்தில் சீஸ், அதற்குள் கருஞ்சிவப்பு. முதலில் வந்தது நாகர்கோவில் ரயிலிலிருந்து இறங்கிய ஒரு கட்டடத் தொழிலாளி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒன்று வாங்கிக் கடித்தார். நின்றார். பன்னைப் பிளந்து உள்ளே பார்த்தார். "இது என்ன, மாம்பழ வத்தலா?" என்று கேட்டார்.

"தக்காளி!" என்று கடைக்குள்ளிருந்து ஜெஸ்லினும், வாசலில் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த டீச்சரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அவர் இன்னும் மூன்று பொதிந்து கொடுக்கச் சொன்னார். அவர் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், அப்புறம் வரிசையே உண்டாகிவிட்டது. பொன்செல்வி பொதிந்து பொதிந்து கொடுத்தாள். ஒன்றைத் தானும் தின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்; கை ஒழியவில்லை. தட்டு காலியாகிற வேகத்தைப் பார்த்து அவள் கழுத்தை நீட்டித் தெருவில் நின்ற செல்வகணேஷைக் கூப்பிட்டாள்.

"ஏங்க! சாலையில இன்னைக்குத் தக்காளிக் கடை திறந்திருக்குமா?"

செல்வகணேஷின் வாய் நிறையப் பன் இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான்.